தேய்வது தனியாகக் கழலட்டும்

கோவை வட்டாரத்தில் கிரைண்டரும் மிக்ஸியும் மின்விசிறியும் பம்ப்செட்டும் செய்கிற தொழில்முனைவோருக்கும், அவர்களிடம் புது மாடல்களுக்கு வரைபடம் போடுகிற இளம் பொறியாளர்களுக்கும்,



உங்கள் சாமானை முதன்முதலில் பூட்டுகிறவர் உங்கள் அசெம்ப்ளி லைனில் இருக்கிறார். அதை முதன்முதலில் கழற்றுகிறவன் நான். அல்லது என்னைப் போல ஏதோ ஒரு ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். இரண்டுக்கும் நடுவே நாலு வருஷமோ பதினைந்து வருஷமோ ஓடியிருக்கும். அத்தனை காலம் அந்தச் சாமானுக்கு என்ன நேர்ந்தது என்பது எங்கள் மேசையில்தான் தெரிகிறது. அந்தச் சேதி உங்களிடம் வந்து சேர வழியே இல்லை. கேரண்டி முடிந்த பிறகு வருகிற பழுது எதுவும் உங்கள் கணக்கில் ஏறுவதில்லை. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. எல்லோரும் ஒரே சமயத்தில் மாடல்களை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். பழைய மோட்டார் இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் வருகிறது. தகட்டு பாடி போய் பிளாஸ்டிக் பாடி வருகிறது. விளம்பரத் தாள்களில் ‘மாடுலர் டிசைன்’ என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். ஒரு மெஷினைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்வது நல்ல காரியம். எந்த இடத்தில் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. லைனில் எதைச் சேர்த்துப் பூட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று பார்த்துப் பிரித்தால், அந்த லாபம் தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடும். எது எப்போது தேயும் என்று பார்த்துப் பிரித்தால் சாமான் இருபது வருஷம் ஓடும். நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

பழைய பெரிய கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-ல் கோவையில் பி. சபாபதி முதல் கிரைண்டரைச் செய்து ஆட்டுக்கல்லின் வேலையை மோட்டாரிடம் கொடுத்தார். அதன் வழிவந்த கிரைண்டரில் கல் தனி, குழவி தனி, டிரம் தனி. கீழே இரும்புச் சட்டத்தில் நாலு போல்ட்டில் மோட்டார் உட்கார்ந்திருக்கும். மோட்டாரிலிருந்து பெரிய புல்லிக்கு ஒரு வி-பெல்ட். ஓரமாக ஒரு கப்பாசிட்டர். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது. கல்லுக்கு ஒரு தலைமுறை ஆயுள். இடையிடையே கொத்திக்கொண்டால் போதும். மோட்டார் வைண்டிங் கருகாமல் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருஷம். பேரிங் ஐந்தாறு வருஷம். பெல்ட் இரண்டு மூன்று வருஷம். கப்பாசிட்டர் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போனால் ஐந்து நிமிஷ வேலை. ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம், மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. கல்யாணச் சீராக வந்த கிரைண்டரில் பேரப்பிள்ளைக்கு மாவாட்டும் வீடுகள் இன்றும் எங்கள் பக்கம் இருக்கின்றன.

இப்போது என் மேசையில் இருக்கும் ஒரு டேபிள் டாப் கிரைண்டரைப் பாருங்கள். டிரம்மைத் தூக்கினால் நடுவில் ஸ்பிண்டில் தெரியும். அதைச் சுற்றி ரப்பர் உதடு வைத்த ஆயில் சீல். அதற்குக் கீழே பேரிங். உளுந்து பொங்கி வழியும்போது மாவுத்தண்ணீர் டிரம்மின் அடியில் இறங்கி ஸ்பிண்டிலில் படிகிறது. சீலின் உதடு தேய்ந்த பக்கமாக உள்ளே போகிறது. கிரீஸைக் கழுவிக்கொண்டு பேரிங்கில் சேர்கிறது. அங்கே புளித்து, காய்ந்து, குண்டுகளில் துரு ஏறுகிறது. முதலில் ஒரு சன்னமான கீச்சொலி வரும். ஆறு மாதத்தில் இரைச்சலாகும். பிறகு ஸ்பிண்டில் ஆட்டம் கண்டு கல் டிரம்மில் உரசும். சீலை மட்டும் காலத்தில் மாற்றியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. அது டீக்காசு விலைப் பொருள். ஆனால் இந்த மாடலில் சீலும் பேரிங்கும் பிளாஸ்டிக் அடித்தட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கின்றன. நெம்பினால் தட்டு விரிசல் விடும். ‘பாட்டம் அசெம்ப்ளி’ என்று முழுசாகத்தான் வாங்க வேண்டும். அதன் விலை புது கிரைண்டர் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கிடைத்தால்.

“ஏனுங்க, கல்லு நல்லாத்தானுங்க இருக்குது. இத மட்டும் மாத்த முடியாதுங்களா?” என்று அந்த அம்மா கேட்டார். முடியாதுங்கம்மா என்றேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, புதுசே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். கல்லில் தேய்மானமே இல்லை. மோட்டார் சத்தமில்லாமல் ஓடுகிறது. இரண்டும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஒரு ரப்பர் உதட்டின் ஆயுளையே அந்த மெஷின் முழுவதற்கும் கொடுத்துவிட்டார் அதை வரைந்தவர்.

ஏன் அப்படி வரைந்தார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சீல், பேரிங், அதைத் தாங்கும் வளையம், மூன்று ஸ்க்ரூ என்று தனித்தனியாக வைத்தால் லைனில் ஒருவர் கூடுதலாக நிற்க வேண்டும். ஒன்றாக வார்த்துவிட்டால் உருப்படி எண்ணிக்கை குறையும், நேரம் குறையும், ஸ்டோரில் இடம் மிச்சமாகும். உருப்படிகளைக் குறை என்றுதான் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். விலைப் போட்டியில் பத்து ரூபாய் என்பது சிறு யூனிட்டுக்குப் பெரிய தொகை. இதையெல்லாம் அலட்சியமாகப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரே வயதுடைய உருப்படிகளை ஒன்றாக்குவது வேறு, இரண்டு வருஷத்தில் போகிறதை இருபது வருஷம் நிற்கிறதோடு ஒட்டிவிடுவது வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யுங்கள். பாடியில் பத்துத் தகட்டை ஒரே வார்ப்பாக்கினால் நான் சந்தோஷப்படுவேன். இரண்டாவதைச் செய்யும்போது நீங்கள் மிச்சம் பிடிக்கிற பத்து ரூபாயை வாங்குகிறவர் பிற்பாடு ஆயிரங்களில் கட்டுகிறார்.

இந்த யோசனை பட்டறைக்காரனின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1972-ல் டேவிட் பார்னாஸ் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய மென்பொருளை எந்த அடிப்படையில் பகுதிகளாகப் பிரிப்பது என்பதுதான் கேள்வி. அதுவரை பலரும் வேலை நடக்கும் வரிசைப்படி பிரித்துவந்தார்கள்: முதலில் உள்ளே வாங்குவது, பிறகு அடுக்குவது, பிறகு வெளியே கொடுப்பது என்று. பார்னாஸ் வேறு வழி சொன்னார். பின்னால் மாறக்கூடியது எது என்று முதலில் பட்டியல் போடு. மாறக்கூடிய ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் அடக்கு. அது மாறும்போது மற்ற பகுதிகளுக்குத் தெரியவே கூடாது என்றார். மென்பொருளில் தேவை மாறும், இயந்திரத்தில் ரப்பரும் கார்பனும் தேயும். கணக்கு ஒன்றுதான். நம்முடைய அசெம்ப்ளி லைனும் வேலை நடக்கும் வரிசைதானே? அதைப் பார்த்து மெஷினைப் பிரித்தால், அன்று பார்னாஸ் வேண்டாம் என்று சொன்னதையே இன்று செய்கிறோம்.

பிரித்தால் மட்டும் போதாது. பிரித்த இடம், அதாவது ஒன்று இன்னொன்றில் உட்காருகிற அளவு, வருஷத்துக்கு வருஷம் மாறாமல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு பல்பு ஹோல்டரைப் பாருங்கள். 22 மில்லிமீட்டர் வாய், இரண்டு பக்கமும் பின் மாட்டும் காடி. அதில் முதலில் குண்டு பல்பு எரிந்தது. பிறகு சி.எஃப்.எல். வந்தது. பிறகு எல்.இ.டி. வந்தது. உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் இரண்டு முறை அடியோடு மாறிவிட்டது. சுவரிலிருந்து ஹோல்டரை யாரும் பிடுங்கவில்லை. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்பு விநியோகித்தார்கள் என்றால், அத்தனையையும் வீட்டில் இருப்பவர்களே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிக்கொண்டதால்தான் அது நடந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியிருந்தால் அந்தத் திட்டம் என்ன ஆகியிருக்கும்?

பேரிங்கும் அப்படித்தான். 6204 என்று கேட்டால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். காந்திபுரத்தில் வாங்கினாலும் கல்கத்தாவில் வாங்கினாலும் அதே அளவு. எந்தக் கம்பெனி என்று பார்த்து விலையும் தரமும் மாறும், அளவு மாறாது. போர்வெல் மோட்டாரில் நேமா அளவு என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்காவில் வகுத்தது. அந்த அளவில் செய்த மோட்டாரின் தலையில் அதே அளவில் செய்த எந்தக் கம்பெனியின் பம்ப்பையும் உட்கார வைக்கலாம். மோட்டார் மட்டும் எரிந்தால் மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும். அந்தப் பம்ப்பின் உள்ளேயும் பாருங்கள்: ஒரே இம்பெல்லர், ஒரே பவுல், அடுக்கடுக்காக. கிணறு ஆழமானால் ஸ்டேஜைக் கூட்டுகிறீர்கள். இரண்டே அச்சில் வார்த்த உருப்படிகளை வைத்துக்கொண்டு இருநூறு அடிக்கும் அறுநூறு அடிக்கும் பம்ப் கொடுக்கிறீர்கள். பகுதிகளாகப் பிரித்துச் செய்வதில் உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பம்ப்பில் இவ்வளவு தெளிவாகச் செய்கிற ஊர், அடுப்படிச் சாமானில் ஏன் மறந்துபோகிறது என்பதே என் ஆதங்கம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் வட்டாரத்துத் தொழிலே இந்த மாறாத அளவுகளின் மேல் எழுந்தது. ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் ஒரு லேத்து, இரண்டு டிரில்லிங் மெஷினோடு தொழில் தொடங்கியவர்கள் எத்தனை பேர்! ஒருவர் கல் கொடுப்பார், இன்னொருவர் டிரம் அடிப்பார், வேறொருவர் மோட்டார் கட்டுவார், சட்டம் வேறிடத்திலிருந்து வரும். ஃப்ரேம் 80 மோட்டார் என்றால் ஷாஃப்ட் 19 மில்லிமீட்டர், ஃப்ரேம் 90 என்றால் 24. எல்லோருக்கும் தெரிந்த அளவு என்பதால் ஒருவரையொருவர் பார்க்காமலேயே செய்த உருப்படிகள் ஒன்றில் ஒன்று உட்கார்ந்தன. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று 2005-06-ல் புவிசார் குறியீடு வாங்கினோமே, அந்தப் பெயர் ஒரு கம்பெனிக்குச் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமான ஒரு ஸ்பிண்டில், தனக்கு மட்டுமான ஒரு கப்ளர் என்று போக ஆரம்பித்தால் முதலில் நொடிந்துபோவது அந்தச் சின்னப் பட்டறைகள்தான். பத்துக் கம்பெனிக்கு ஒரே உருப்படி செய்து கொடுத்தவர், பத்து விதமான உருப்படிக்குப் பத்து டை போட முடியாது.

மிக்ஸிக்கு வருகிறேன். நம் நாட்டு மிக்ஸியின் பிறப்பே ஒரு பழுதில்தான் தொடங்கியது. பம்பாயில் பொறியாளராக இருந்த எஸ்.பி. மாத்தூர் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்ஸர் கெட்டுப்போனது. அதைச் சரிசெய்ய இங்கே வழியில்லை. நம் சமையலுக்குத் தாங்குகிற மோட்டாரை நாமே செய்தால் என்ன என்று அவர் இறங்கியதில் 1963-ல் சுமீத் வந்தது. உலர்ந்த மஞ்சளையும் ஊறிய அரிசியையும் அரைக்கிற மெஷின் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. வாங்கிய சாமானை இங்கேயே சரிசெய்ய முடியவில்லையே என்ற தவிப்பில் பிறந்த தொழில், இன்று சரிசெய்ய முடியாத சாமான்களைச் செய்து குவிக்கலாமா?

மிக்ஸியில் அடிக்கடி போகிறவை நாலு: கார்பன் பிரஷ், கப்ளர், ஜாரின் புஷ், பிளேடு. நாலும் சின்ன உருப்படிகள். நாலும் மோட்டாருக்கு முன்னால் தேய்கிறவை. கப்ளர் ரப்பரில் இருப்பதே, ஜாரில் ஏதாவது சிக்கினால் அது உடைந்து மோட்டார் தப்பட்டும் என்றுதான். பல மாடல்களில் அது இடது மறையில் பூட்டியிருக்கும். அதை மேலே ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டினால் எத்தனை ஷாஃப்ட் வளையாமல் தப்பும்! என் கடையில் கப்ளர் மட்டும் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். பல் எண்ணிக்கை வேறு, விட்டம் வேறு, மறை வேறு. ஒரே கம்பெனியின் அடுத்தடுத்த மாடல்களில்கூட ஜார் மாறி உட்காராது. ஜாரை மாற்றியதில் அரைப்பது மேம்பட்டதா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. டிசைன் புதுசாகத் தெரிய வேண்டும் என்று அடித்தட்டின் வளைவை மாற்றியிருக்கிறார்கள், அதோடு ஜார் பூட்டும் காடியும் நகர்ந்துவிட்டது. வெளித்தோற்றத்தை வருஷா வருஷம் மாற்றுங்கள். காடியைத் தொடாதீர்கள்.

2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அம்மியில் குனிந்திருந்த எத்தனையோ பெண்களின் முதுகை அது நிமிர்த்தியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல தயாரிப்பாளர்கள் செய்து கொடுத்தார்கள். சில வருஷம் கழித்து அவை எங்கள் மேசைக்கு வர ஆரம்பித்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒன்றின் ஜார் இன்னொன்றில் உட்காராது, ஒன்றின் பெல்ட் இன்னொன்றுக்கு நீளம். ஸ்பேர் கேட்டால் கிடைக்காது. கெட்ட இரண்டைப் பிரித்து நல்ல ஒன்றைத் தேற்றிக்கொடுத்தோம். இத்தனை பெரிய எண்ணிக்கையில் ஒரே சாமானை வாங்கும் வாய்ப்பு எந்த ஊர்த் தொழிலுக்கும் அடிக்கடி வராது. பெல்ட் இன்ன நீளம், கப்ளர் இன்ன பல், ஜார் இன்ன காடி என்று அன்று ஒரு அளவு நிலைபெற்றிருந்தால், அதுவே தமிழ்நாட்டு மிக்ஸியின் பொது அளவாக ஆகியிருக்கும். இனி ஒரு முறை அப்படி ஒரு டெண்டர் வந்தால் உங்கள் சங்கம் முதலில் பேச வேண்டியது விலையைப் பற்றி இல்லை, இந்த அளவுகளைப் பற்றி.

எல்லாவற்றையும் கழலும்படி செய்யுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி ஒரு முயற்சி நடந்து தோற்றது. கேமரா, பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கட்டை கட்டையாக மாட்டிக்கொள்ளும் கைப்பேசியை ‘புராஜெக்ட் ஆரா’ என்ற பெயரில் 2013-ல் அறிவித்தார்கள். கூகுள் கையில் இருந்த திட்டம். 2016 செப்டம்பரில் கைவிட்டார்கள். ஒவ்வொரு இணைப்பும் இடத்தைத் தின்னும், எடை கூட்டும், காசு கேட்கும். நம் மெஷின்களில் இணைப்பு என்றால் மாவுத்தண்ணீர் புகும் வழி, அதிர்வில் தளரும் இடம். ஆகவே தேவையில்லாத இணைப்பு ஒன்றுகூட வேண்டாம். அதே சமயம் நெதர்லாந்தில் ஃபேர்ஃபோன் என்ற சின்னக் கம்பெனி 2015-ல் ஒரு போன் கொண்டுவந்தது. அதில் திரை, பேட்டரி, கேமரா என்று உடைகிற, தளர்கிற, பழசாகிற உருப்படிகளை மட்டும் கையாலோ சாதாரணத் திருப்புளியாலோ கழலும்படி வைத்தார்கள். அந்தப் போனுக்கு 2023 வரை மென்பொருள் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறது. எங்கே பிரிக்க வேண்டும் என்று தெரிந்து பிரித்தவர்கள் அவர்கள்.

மின்விசிறியில் இப்போதே கவனிக்காவிட்டால் பெரிய நஷ்டம் வரும். பழைய ஃபேன் 75 வாட் இழுத்தது, பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது வாட்டுக்குப் பக்கத்தில் இழுக்கிறது. நாட்டுக்கே லாபம், சந்தேகமில்லை. ஆனால் பழைய ஃபேனில் பெரும்பாலும் போவது 2.5 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். புது ஃபேனில் போவது போர்டு. கிராமத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் நானூறு வோல்ட் வரை வரும். அந்த ஒரு நொடியில் போர்டு கருகிவிடும். ஈரம் புகாமல் இருக்கட்டும் என்று போர்டு முழுவதையும் பிசினில் புதைத்திருக்கிறீர்கள், ஆகவே உள்ளே ஐந்து ரூபாய் ஃப்யூஸ் போயிருந்தாலும் எடுத்து மாற்ற முடியாது. காயில் நன்றாக இருக்கிறது, காந்தம் நன்றாக இருக்கிறது, இறக்கை நன்றாக இருக்கிறது. ஃபேன் போய்விட்டது.

இதற்கு வழி இருக்கிறது. வோல்டேஜ் அடியை முதலில் வாங்குகிற ஃப்யூஸையும் வேரிஸ்டரையும் பிசினுக்கு வெளியே ஒரு விரலளவுத் தட்டில் செருகும்படி வையுங்கள். அடி விழுந்தால் அது சாகட்டும், மற்றது பிழைக்கட்டும். மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களின் கனெக்டரும், போர்டு உட்காரும் ஓட்டைகளின் இடைவெளியும் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் சர்க்யூட், ரிமோட், வேகக் கட்டுப்பாடு எல்லாம் உங்கள் ரகசியமாகவே இருக்கலாம். ஹோல்டர் பொதுவாக இருந்ததால் பல்பு கம்பெனிகளில் எதுவும் நசிந்துபோகவில்லையே!

அடுத்து, வரைபடம் போடுகிறவர்களோடு கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும். சாமான் தொழிற்சாலையை விட்டுப் போன பிறகும் அது உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது என்பதைக் காகிதத்தில் எப்படிக் கொண்டுவருவது? பெரிய கம்பெனிகள் இதற்கு பி.எல்.எம். என்று மென்பொருள் வாங்குகின்றன. அதன் வேர் 1985-ல் அமெரிக்கன் மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனியில் இருக்கிறது. பெரிய போட்டியாளர்களின் பணபலம் அவர்களிடம் இல்லை. ஜீப் கிராண்ட் செரோக்கியை வேகமாக உருவாக்க வேண்டியிருந்தது. வரைபடங்களைக் கணினிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வரைபடம், உருப்படிப் பட்டியல், மாற்றங்கள் எல்லாம் ஒரே இடத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்கள். காசில்லாத கம்பெனி கண்டுபிடித்த ஒழுங்கு அது. இருபது பேர் வேலை செய்யும் யூனிட்டில் அதை ஒரு எக்செல் கோப்பிலேயே செய்யலாம்.

அதில் ஒரு விதி மட்டும் கறாராக இருக்க வேண்டும். ஓர் உருப்படியை மாற்றும்போது பழைய உருப்படி இருந்த இடத்தில் புதியது அப்படியே உட்கார்ந்து அதே வேலையைச் செய்தால், அதே பார்ட் நம்பர், திருத்த எண் மட்டும் கூடட்டும். உட்காராது என்றால் புது நம்பர். இந்த விதியை மீறுவதால் எங்களுக்கு வருகிற அலைச்சல் கொஞ்சமில்லை. ஒரே மாடல் பெயர், ஒரே அட்டைப் பெட்டி, ஒரே பார்ட் நம்பர், உள்ளே இரண்டு விதமான ஆர்மேச்சர். சப்ளையர் மாறியிருக்கிறார், ஷாஃப்ட் நீளம் இரண்டு மில்லிமீட்டர் மாறியிருக்கிறது, யாரும் எழுதி வைக்கவில்லை. கேட்டனுப்பிய ஸ்பேர் கூரியரில் வந்து உட்காராமல் திரும்பிப் போகிறது. வாடிக்கையாளர் இரண்டு வாரம் மாவுக்கடைக்கு நடக்கிறார். இந்தப் பழி என் மேலும் விழுகிறது, உங்கள் மேலும் விழுகிறது. கேட்லாக்கில் ஒரு வரி எழுதாததுதான் காரணம்.

அதோடு, தேதியும் பேட்ச் எண்ணும் போட்ட ஸ்டிக்கரை எங்கே ஒட்டுகிறீர்கள் என்று பாருங்கள். அடிப்பக்கத்தில், தண்ணீர் படுகிற இடத்தில். ஒரு வருஷத்தில் எழுத்து அழிந்து வெள்ளைத் தாளாகிவிடும். எந்த வருஷத்து மெஷின் என்று தெரியாமல் எந்த ஸ்பேர் கேட்பது? மோட்டார் பாடியில் பஞ்ச் அடித்துவிடுங்கள். எழுத்துப் பஞ்ச் செட் உங்கள் டூல் ரூமில் ஏற்கெனவே இருக்கும்.

ஸ்பேர் எத்தனை வருஷம் கிடைக்க வேண்டும் என்பதற்கு ஐரோப்பாவில் சட்டமே போட்டுவிட்டார்கள். 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷினுக்கு முக்கியமான உருப்படிகளைக் கடைசி மெஷின் விற்பனைக்கு வந்த பிறகும் பத்து வருஷம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் பதினைந்து வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கு ஒரு தளம் தொடங்கினார்கள். கம்பெனிகள் தாமாக வந்து விவரம் தருவதோடு அது நிற்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் 106 வகைப் பொருள்களுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகின்றன. மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். குறு நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விதிகள் பேசுவது குப்பையான பிறகு என்ன செய்வது என்பதைத்தான். குப்பையாகாமல் வைத்திருப்பது உங்கள் வரைபடத்தில் இருக்கிறது. எட்டு வருஷம் ஸ்பேர் கொடுப்போம் என்று அட்டைப் பெட்டி மேல் அச்சடித்து விற்கிற முதல் கோவைக் கம்பெனி எது என்று நான் காத்திருக்கிறேன். காடியும் கப்ளரும் மாடலுக்கு மாடல் மாறாவிட்டால் அது ஒன்றும் பெரிய ஸ்டாக் சுமையில்லை. பத்து மாடலுக்கு ஒரே ஸ்பேர்தானே.

பாதுகாப்பு கருதித்தான் மூடி வைக்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். நியாயம்தான். மின்சாரம் ஓடும் இடத்தை வீட்டில் இருப்பவர்கள் திறக்கக் கூடாது. பெல்ட், ஜார் புஷ், கப்ளர் போன்றவற்றை வீட்டிலேயே மாற்றும்படி வையுங்கள். போர்டு, வைண்டிங் பக்கத்தைத் திருப்புளி வைத்திருக்கும் மெக்கானிக் மட்டும் திறக்கும்படி வையுங்கள். எங்களாலும் திறக்க முடியாதபடி ஒட்டி வைப்பதில் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை. உடைத்துத் திறந்து, டேப் சுற்றி மூடுகிறோம், ஆபத்தே அங்கேதான்.

கடைசியாக ஒரு கோரிக்கை. மோல்டு வெட்டிவிட்டால் எல்லாம் உறைந்துபோகும். அதன் பிறகு நான் எவ்வளவு எழுதினாலும் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. லட்சக்கணக்கில் போட்ட மோல்டை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். ஆகவே அதற்கு முன்னால், கையால் செய்த முதல் மாதிரி மெஷின் தயாரானதும், உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரு திருப்புளி, ஒரு ஸ்பேனர், ஒரு கட்டிங் பிளேயர் மட்டும் கொடுங்கள். சீலை மாற்று, பிரஷை மாற்று, பெல்ட்டை மாற்று என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். வரைபடம் போட்டவர் கட்டாயம் நிற்க வேண்டும். கை எங்கே தயங்குகிறது, எந்த ஸ்க்ரூவுக்கு மணிக்கட்டு நுழையவில்லை, எந்த இடத்தில் நெம்புகோலைத் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மதியம் போதும். அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், கூலியில்லாமலேயே வருகிறேன்.

அன்புடன்,
மின்சாதனப் பழுதுநீக்கும் பட்டறைக்காரன் ஒருவன்,
திருப்பூர் மாவட்டம்